நாலடித் தொட்டி என்று சொன்னேன்

எங்கள் ஊரில் உப்புத் தண்ணீரைக் கண்டாலே எல்லோருக்கும் எரிச்சல். எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டும் வருகிற தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது. அந்த உப்பை எடுப்பதற்கென்றே வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு மெஷின் தொங்குகிறது. என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த மெஷினில் உப்பெடுத்த தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து, அதில் பாக்கெட் பாக்கெட்டாக உப்பைக் கொட்டிக் கலக்கினாள். கலக்கியதை ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து அதில் ஊற்றினாள். கடல் மீன் வளர்க்கப் போகிறாளாம். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில். கடலை நானே என் ஆயுளில் நாலு தடவைதான் பார்த்திருப்பேன்.

"பைத்தியம் முத்திப்போச்சு," என்றேன் என் மனைவியிடம்.

"வாய வெச்சுட்டுச் சும்மா இருங்க. அந்தத் தொட்டி வந்த பொறகுதான் புள்ள ரூமை உட்டே வெளிய வாரா. நேத்து மூணு தோசை தின்னா," என்றாள் அவள்.

அது உண்மைதான். வாழப்பாடிப் பக்கம் ஒரு பாக்குத்தோப்பு வீட்டுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். பெரிய இடம். பதினாலாவது மாசம் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்து மாடி அறைக் கதவைச் சாத்தியவள், நாலு மாசம் திறக்கவில்லை. தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவோம். பாதி சாப்பாடு அப்படியே கிடக்கும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை ஒன்றை எப்படியோ திரும்பப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஆள் நடைப்பிணம். இந்தத் தொட்டிக்கு உப்பு அளக்கத்தான் கீழே இறங்கி வந்தாள். அதனால் என் மனைவிக்கு அது குலதெய்வம் ஆகிவிட்டது. எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. பாக்குத்தோப்புச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் நான்தான். அந்தத் தொட்டி என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு என்னையே முறைப்பது போலிருந்தது.

இன்னொரு எரிச்சலும் உண்டு. எனக்கு மோட்டார் கடை. போர் மோட்டார் விற்பேன், எரிந்துபோனதைக் கழற்றிச் செம்புக் கம்பியைப் புதுசாகச் சுற்றிக் காயில் கட்டிக் கொடுப்பேன். முப்பது வருஷத் தொழில். அப்படிப்பட்டவன் வீட்டில், தண்ணீர் இறைக்கிற சமாசாரத்துக்கு இவள் ஃபோனைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். திரும்பி வந்த பிறகு அவளாக என்னிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்பா, தொட்டி அம்பத்தாறு லிட்டருங்க. கல்லு மண்ணு போக நாப்பத்திரண்டு நிக்கும். மணிக்கு எட்டு ஒம்போது தடவை மொத்தத் தண்ணியும் ஃபில்டருக்குள்ள போய்ட்டு வந்தாப் போதும். ஃபில்டர் மோட்டார் பாக்ஸ்ல மணிக்கு ஐநூறு லிட்டர்னு போட்டிருக்குது. நிசமா எவ்வளவு குடுக்குமுங்க?"

நல்ல கேள்வி. மோட்டார் வாங்க வருகிறவர்களில் நூற்றில் ஒருத்தன்கூடக் கேட்காத கேள்வி. பாக்ஸில் போட்டிருப்பது வெறும் மோட்டாரைத் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்த கணக்கு. உயரம் ஏற்ற ஏற்ற குறையும். ஸ்பாஞ்சு வைத்தால் குறையும், அதில் அழுக்குப் பிடித்தால் இன்னும் குறையும். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். நான் என்ன சொன்னேன்?

"இந்தப் பொம்மை மோட்டாருக்கெல்லாம் நான் கணக்குப் போடறதில்ல. போயி பொழப்பைப் பாரு."

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவளே ஒன்றை வரவழைத்து மாட்டினாள். சோப்பு டப்பா அளவுக்கு இருக்கும், தொட்டியின் பின் விளிம்பில் ஒரு கொக்கியில் தொங்கும். அதற்குப் பிறகு ஒரு மாசம் மீனே விடவில்லை. வெறும் கல்லுக்கும் மணலுக்கும் விளக்குப் போட்டு, தண்ணீரை ஓட்டிக்கொண்டு, சின்னக் குப்பிகளில் சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், மீன் கழிவைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்த ஸ்பாஞ்சில் குடியேற வேண்டுமாம். "பூச்சி வளக்கறா பாரு, பூச்சி," என்று கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு இரண்டு மீன்கள் வந்தன. விரல் நீளம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கோமாளி மீன் என்று பெயராம். பெரியது பெண், சின்னது ஆண். ஒன்றை விட்டு ஒன்று நகராது. என் மகள் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அவற்றின் எதிரில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த இரண்டும் உயிரோடு இருக்கிறவரைக்கும் இவள் திரும்பக் கதவைச் சாத்த மாட்டாள் என்று என் மனைவி நம்பினாள். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, நானும் அதைத்தான் நம்பினேன்.

என் கடைக்கு வருகிற விவசாயிகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வந்து நின்றதும், "ஏனுங்க, ஏழரை எச்.பி. ஒண்ணு எடுத்து வெய்ங்க," என்பார்கள். போரில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் கண்ணிமைக்காமல் "ரெண்டு இஞ்சுங்க" என்பார்கள். முக்கால் இஞ்சுதான் என்று போர் போட்ட ரிக் வண்டிக்காரன் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருப்பான். பங்காளி தோட்டத்தில் அஞ்சு ஓடினால் இவனுக்கு ஏழரை ஓட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நான் கத்துவேன். "உன்ற பெருமையப் போர்கிட்டப் போயிச் சொல்லு. கேக்குதான்னு பாக்கறேன். அரை மணி நேரத்துல தண்ணி வத்தி, மோட்டார் காத்து இழுத்து, காயில் எரிஞ்சு போயிரும்!" சிலர் கேட்பார்கள். கேட்காதவர்கள் வேறு கடையில் வாங்கிப் போட்டுவிட்டு, அடுத்த கோடையில் எரிந்த மோட்டாரை மொபெட்டில் கட்டிக்கொண்டு, எரித்தது நான்தான் என்கிற மாதிரி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு என் கடை முன்னால் வந்து நிற்பார்கள். இவர்களை நான் திட்டாத திட்டில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை என் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். பாக்குத்தோப்புச் சம்பந்தத்தில் என்னோடு கூட நின்றவர். பையன் வீட்டார் மனசு மாறிவிட்டார்களாம், அடுத்த புதன்கிழமை பெரியவர்கள் வந்து பேசி அழைத்துப் போகத் தயாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் தொட்டியைப் பார்த்தார். குனிந்து, பின்னால் தொங்கிய ஃபில்டரைப் பார்த்தார். சிரித்தார்.

"ஏன் மாப்ள, சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் மோட்டார் குடுக்கற ஆளு நீயி. உன்ற ஊட்டுல இத்தினியூண்டு டப்பா கொர்ர்ருங்குது. அவங்க ஊட்டு முன் ஹால்ல ஆறடித் தொட்டி நிக்குது, பாத்தீல்ல? சம்பந்தி ஊட்டு ஒறம்பரை வந்து இதப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. "அது புள்ள வெளையாட்டுக்கு வெச்சிருக்கறா மச்சான், நல்லதா ஒண்ணு போட்டர்லாம்," என்று என் வாய் தானாகச் சொன்னது.

மகள் மாசத்தில் இரண்டு நாள் ஆபீசுக்காகக் கோயமுத்தூர் போவாள். திங்கட்கிழமை விடியலில் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. "ஒரு சிட்டிகை தீனி. தண்ணி தொட்டியில போட்ட கோட்டுக்குக் கீழ போனா உப்பில்லாத நல்ல தண்ணி ஊத்துங்கம்மா, உப்பு ஆவியாப் போகாது. வேற எதையும் தொட வேண்டாம். அப்பாவையும் தொட உடாதீங்க." அந்தக் கடைசிப் பேச்சு என்னை நாள் முழுக்கக் குடைந்தது. என் வீட்டில், என்னைத் தொட விடக் கூடாதாம்!

அன்றைக்கு மதியமே சேலத்துக்கு வண்டியை விட்டேன். மீன் கடைக்காரர் நல்ல மனுஷர். முதல் கேள்வியே, "தொட்டி எத்தனை லிட்டருங்க?" என்றுதான் கேட்டார்.

"நாலடித் தொட்டி," என்றேன். கண்ணிமைக்கவில்லை.

அவர் ஒரு டிரம் மாதிரியான ஃபில்டரை எடுத்து வைத்தார். தொட்டிக்குக் கீழே உட்காரும், ஒரு குழாய் இழுக்கும், ஒரு குழாய் திருப்பி ஊற்றும், மணிக்கு ஆயிரத்து நானூறு லிட்டர். கூடவே அலை எழுப்புகிற மோட்டார் ஒன்றும் காட்டினார். இரண்டையும் கட்டச் சொன்னேன். கட்டிக்கொண்டே, "சின்னத் தொட்டி எதுலயும் மாட்டிராதீங்க, கோமாளி மீன் அவ்வளவு வேகத்துல நீந்தாதுங்க," என்றார்.

"நானே மோட்டார் கடைக்காரன்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டையும் மாட்டினேன். பழையதைக் கழற்றும்போதே கொக்கி படக்கென்று உடைந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பழுப்பேறி வழவழவென்று இருந்தது. இவ்வளவு அழுக்கா என்று போர் தண்ணீர்க் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து அலசினேன். வெள்ளை வெளேரென்று ஆனதும் மாடியில் வெயிலில் காயப் போட்டேன். என் மனைவி "அவ வாரட்டுங்க, அவ வாரட்டுங்க" என்று பின்னாலேயே வந்தாள். "உள்ள போ," என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொதித்த மாதிரி எழும்பியது. டிரம்மில் வால்வு இருந்தது, பாதி மூடியிருக்கலாம். விவசாயிகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான் அது. மூடவில்லை. முழு வேகத்தில் ஓடுகிற மோட்டாரைப் பார்க்கிறபோது எனக்கு ஒரு திமிர் வரும், அது வந்துவிட்டது. இப்போது வந்து பாருங்கடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனேன்.

பதினொரு மணிக்கு என் மனைவியிடமிருந்து ஃபோன். "ஏனுங்க, தொட்டி ஒரே கலங்கலா இருக்குதுங்க, மீனு கண்ணுக்கே தெரியல. எதைத் தொடறதுன்னு எனக்குத் தெரியல, சீக்கிரம் வாங்க." போனேன். மணலெல்லாம் எழும்பி, சேற்றுத் தண்ணீர் மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. ஓடிப் போய் இரண்டு சுவிட்சையும் அணைத்தேன். மணல் இறங்குவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பெரிய மீன், தண்ணீரை இழுக்கிற குழாயின் வாயில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்தேன். ஒரு பக்கம் செதிலே இல்லை. சின்னது ஒரு கல்லிடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு, வால் மட்டும் வெளியே தெரிய நடுங்கிக்கொண்டிருந்தது.

 என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "என்ன இப்ப, குடியா முழுகிப்போச்சு? வேற மீனு வாங்கி உட்டாப் போச்சு," என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள், கீழே இருந்த டிரம்மைப் பார்த்தாள், கிண்ணத்தில் கிடந்த மீனைப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நான் பதிலையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் நேராகப் போய்ப் புதுசாக உப்புத் தண்ணீர் கலக்க ஆரம்பித்தாள்.

"பழைய ஸ்பாஞ்சு எங்கீங்க?"

"அலசிக் காயப் போட்டிருக்கறேன். அத்தனை அழுக்கு."

கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "அந்த அழுக்குதாங்க ஃபில்டரு," என்றாள். பிறகு மாடி அலமாரியில் கிடந்த, காற்றுக் குமிழி விடுகிற ஒரு சின்ன ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து தொட்டிக்குள் வைத்தாள். பாதித் தண்ணீரை மாற்றினாள். அவள் வேலையை முடிக்கும்வரை நான் ஹாலில் முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தாங்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன். "ஒரு மீனு செத்ததுக்கு ஊடே எழவு ஊடு மாதிரி கெடக்குது. நான் என்ன வேணும்னா பண்ணுனேன்? பெருசா நல்லதா போடலாம்னுதான..."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"கடைக்காரரு எத்தனை லிட்டர்னு கேட்டாருங்களா?"

"கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "நாலடித் தொட்டின்னு சொன்னேன்," என்றேன்.

"எனக்கு மாப்ள பாக்கறப்பவும் அப்படித்தானுங்களே சொன்னீங்க. ஊட்டுல பதினாலு பேரு, தோப்பு ஆளுகளுக்கு வேற சோறாக்கோணும், புள்ள தாங்குமான்னு கேட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். 'கூட்டத்துல வளந்த புள்ளைங்க, எத்தனை பேருன்னாலும் தாங்கும்'னீங்க. வேலைய உட்டுருமான்னாங்க. 'இப்பவே உட்டுரும்'னீங்க. நான் உங்களுக்கு ஒரே புள்ளப்பா. பத்து வருசம் ஹாஸ்டல் ரூமுல தனியா இருந்தவ. என்ற அளவு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

 இந்த மாதிரிக் கேள்வி வந்தால் நான் எப்போதும் செய்கிற வேலையைத்தான் செய்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது மாடிக் கதவு சாத்தியிருந்தது. மறுநாள் காலைச் சாப்பாட்டுத் தட்டை என் மனைவி பழையபடி வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

அந்தப் புதன்கிழமைதான் அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா, பெரியப்பா, என் மச்சான். ஹாலில் உட்கார்ந்தார்கள். தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, ஒற்றை மீன் இன்னும் கல்லிடுக்கில்தான் இருந்தது. யாரும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இவர்கள் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஓர் உயிரைக் கொன்றிருந்தேன்.

மழை, பாக்கு விலை எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சுங்க. இனிமேலாவது புள்ள அனுசரிச்சுப் போகுமுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, கையோட கூட்டிட்டுப் போயர்றோம்."

மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று. மாடிப்படியின் வளைவில் ஒரு நிழல் நின்றது எனக்குத் தெரிந்தது.

"போக மாட்டாளுங்க," என்றேன்.

"என்னங்க?"

"அத்தனை பேருக்கு நடுவுல அவளால இருக்க முடியாதுங்க. அன்னைக்கே முடியாது. நாந்தான் பெரிய எடம் கைய உட்டுப் போயிருமோன்னு பொய் சொன்னேன்."

பெரியப்பாக்காரர் எழுந்துவிட்டார். "அப்ப எங்கள ஏமாத்திப் போட்டீங்க!"

"ஆமாங்க. உங்களையும் ஏமாத்துனேன், அவளையும் ஏமாத்துனேன்."

"மாப்ள, உனக்கு என்ன கெரகம் புடிச்சிருக்குது?" என்று மச்சான் பல்லைக் கடித்தார். "ஊட்டுக்கு வந்தவங்கள இப்படியா அவமானப்படுத்துவே? இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு!"

"மிதிக்காதீங்க மச்சான். ரொம்ப நல்லது," என்றேன். காப்பித் தட்டோடு என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். அவர்கள் காப்பி குடிக்காமல் போய்க் காரைக் கிளப்பினார்கள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனை இப்படிப் பேசிவிட்டேனே என்று என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் ஒரு டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

நான் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது மகள் இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பு கிரிப்பு ஒன்றும் இல்லை. கண் வீங்கியிருந்தது. அப்பா என்று கூப்பிடவும் இல்லை. ஃபோனை என் முன்னால் நீட்டினாள். அதில் சோப்பு டப்பா மாதிரி ஒரு ஃபில்டர்.

"இதுல ஐநூறுன்னு போட்டிருக்குது. நிசமா எவ்வளவு குடுக்கும்?"

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கல்லு மண்ணு போகத் தண்ணி எவ்வளவு நிக்குதுன்ன?"

"நாப்பத்திரண்டு."

"ஸ்பாஞ்சு போட்டு, அழுக்குப் புடிச்ச பொறகு முந்நூத்தம்பது குடுக்கும் கண்ணு. அது போதும்."

அவள் தலையாட்டிவிட்டு அதையே ஆர்டர் போட்டாள்.